குடும்ப மருத்துவர் இல்லை: 811 தாதியிடம் செக்கப் பற்றியும் கேட்கலாமா?

வடமராட்சியான்
அம்மா, அப்பா இருவரும் ஸ்பொன்சரில் வந்து ஸ்காபரோவில் எங்களோடு இருக்கிறார்கள். ஓஹிப் எனும் மாகாண மருத்துவக் காப்புறுதி கார்ட் கிடைத்துவிட்டது, குடும்ப மருத்துவர்தான் கிடைத்தபாடில்லை, எங்கே கேட்டாலும் புது ஆட்களை எடுப்பதில்லை என்கிறார்கள். காய்ச்சல், இருமல் என்றால் வோக்-இன் கிளினிக்கில் போய்க் குந்தியிருந்துவிட்டு வருகிறோம், அங்கே அந்தக் காய்ச்சலுக்கு மருந்து எழுதுவதோடு சரி. அம்மாவுக்கு 56, அப்பாவுக்கு 61. இந்த வயதில் செய்யவேண்டிய புற்றுநோய்ப் பரிசோதனை ஒன்றுமே இருவரும் செய்ததில்லை. மகனுக்கு ஒரு இரவு வாந்தி வந்தபோது மாகாணத்தின் சுகாதார ஆலோசனைத் தொலைபேசி இலக்கமான 811-க்கு அடித்துத் தாதியோடு கதைத்திருக்கிறோம். ஒரு வருத்தமும் இல்லாமல், சும்மா செக்கப் பற்றிக் கேட்க எடுக்கலாமா?

மார்க்கம் மைதிலி
தாராளமாக எடுக்கலாம். ஒன்ராறியோவில் குடும்ப மருத்துவர் இல்லாதவர்கள் பெருங்குடல் புற்றுநோய்க்கான ஃபிட் பரிசோதனை (மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பது) செய்ய 811-ஐத்தான் கூப்பிட வேண்டும். வயது 50 முதல் 74 வரை, பெற்றோர், கூடப்பிறந்தோர், பிள்ளைகளில் ஒருவருக்கும் அந்தப் புற்றுநோய் வந்ததில்லை என்றால் தாதி சில கேள்விகள் கேட்டுவிட்டு ஏற்பாடு செய்வார், கிட் தபாலில் வீட்டுக்கே வரும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும். அம்மாவின் மமோகிராமுக்கு, அதாவது மார்பக எக்ஸ்ரேக்கு, 811 கூடத் தேவையில்லை, மாகாணத்தின் மார்பகப் பரிசோதனைத் திட்டத்தில் உள்ள நிலையத்துக்கு நேரே அடித்து நாள் எடுக்கலாம். 2024 அக்டோபரிலிருந்து 40 வயதுக்காரரும் இப்படித் தாங்களாகவே பதியலாம், உங்கள் மனைவிக்கும் சொல்லிவையுங்கள்.

ஓய்வுபெற்ற தாதி
தொலைபேசி ஆலோசனை வேலையில் கன காலம் இருந்தவள் என்றபடியால் சொல்கிறேன். அழைப்பு வந்ததும் நெஞ்சுவலியா, மூச்சு முட்டுகிறதா என்று ஆபத்தான அறிகுறிகளைத்தான் முதலில் கேட்போம், கணினியில் கேள்விகள் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். இப்போதே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டுமா, நாளைக்குப் பார்க்கலாமா என்று பிரிப்பதுதான் அந்தக் கேள்விகளின் வேலை. பேரனின் வாந்திக்கு எடுத்த அம்மாவிடம் "நீங்கள் மமோகிராம் செய்தீர்களா" என்று கேட்க அதில் இடமில்லை, உங்கள் பழைய கோப்பும் தாதியின் முன்னால் இராது. ஆகவே "குடும்ப மருத்துவர் இல்லை, ஃபிட் கிட் வேண்டும்" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுங்கள். மலத்தில் இரத்தம் தெரிகிறது, காரணமில்லாமல் உடம்பு மெலிகிறது என்றால் மறைக்கவேண்டாம், அப்படியானவர்களுக்கு இந்தக் கிட் சரிவராது, மருத்துவரைத்தான் பார்க்கவேண்டும். அப்புறம் அதே அழைப்பில் ஹெல்த் கேர் கனெக்ட்டில் இருவரையும் பதியச் சொல்லுங்கள், மருத்துவர் தேடித்தரும் பட்டியல் அது.

எல்லாம் போனிலா
போனில் பிரஷர் பார்ப்பார்களா, சீனி பார்ப்பார்களா? மருத்துவர் பற்றாக்குறையை மூடிமறைக்க நல்ல போர்வை இது. சரி, கிட் வரட்டும், முடிவில் ஏதும் கோளாறு தெரிந்தால் யார் பொறுப்பு?

மார்க்கம் மைதிலி
கோபம் நியாயம்தான். ஆனால் பொறுப்பு இல்லாமல் விடுவதில்லை, மருத்துவர் இல்லாதவருக்கு அப்படி முடிவு வந்தால் தொடர்ந்து பார்க்க ஒரு மருத்துவரை மாகாண சுகாதார அமைப்பே பிடித்துக் கொடுக்கும். அடுத்தது கொலனொஸ்கொபி, குடலுக்குள் கமரா விட்டுப் பார்ப்பது, அதை 8 வாரத்துக்குள் செய்யவேண்டும் என்பது இலக்கு. முடிவு அப்படி வந்ததற்காகப் புற்றுநோய் என்று முடிவுகட்டவும் வேண்டாம்.

வடமராட்சியான்
நன்றி. அப்பா சரி என்கிறார். அம்மாதான் "சீ, இதைப் போய்த் தபாலில் அனுப்புறதோ" என்று முகத்தைச் சுளிக்கிறா. அவவோடு தமிழில் கதைப்பார்களா?

ஓய்வுபெற்ற தாதி
தமிழ் என்று சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைக்கக் கேட்கலாம், நீங்களும் பக்கத்தில் இருங்கள். கிட் என்பது விரல் நீளச் சின்னக் குப்பிதான். மூடியோடு ஒரு குச்சி இருக்கும், அதன் நுனியால் மலத்தைச் சுரண்டித் திரும்பக் குப்பிக்குள் செருகி மூடினால் முடிந்தது, வெளியே ஒன்றும் தெரியாது. 2019-க்கு முன்பிருந்த பழைய பரிசோதனையில் மூன்று மாதிரி எடுக்கவேண்டும், விற்றமின் சி வேறு தள்ளிவைக்கவேண்டும், இதற்குச் சாப்பாட்டுப் பத்தியம் கிடையாது. எடுத்த திகதியை எழுத மறக்கவேண்டாம், திகதி இல்லாவிட்டால் ஆய்வுகூடம் ஏற்காது, அம்மாவைத் திரும்பச் சம்மதிக்கவைக்கிற வேலை உங்கள் தலையில்தான் விழும்.