ட்ராக் சைக்கிள் சேடில் (இருக்கை): வழுக்குகிறது, மரத்தும் போகிறது. எதை வாங்கலாம்?

நீலாய்_புதுசு:
வணக்கம். ரோட் பைக்கில் மணிக்கணக்கில் உட்காருவேன், ஒன்றும் ஆகாது. அதே சேடிலைக் கழற்றி ட்ராக் பைக்கில் மாட்டி, அதே உயரம் வைத்தேன். மலேசியாவின் நீலாய் வெலோட்ரோமில் (சாய்வான வளைவுள்ள சைக்கிள் பந்தய மரத்தளம்) கொஞ்ச நேரத்திலேயே முன்பக்கம் மரத்து, சேடிலின் மூக்கு (ஒடுங்கிய முன்பகுதி) நுனிக்கே வந்துவிடுகிறேன். வேறு எதை வாங்கலாம்? சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள்.

செயின்ரிங்:
ஸ்பிரிண்ட்டா (குறுகிய வேக ஓட்டம்), நீண்ட ஓட்டமா? கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) நீளம் என்ன? "அதே உயரம்" என்றால் எங்கிருந்து எங்கே அளந்தது? படம் போடுங்கள்.

அட்டைப்பெட்டி:
சேடில் அகலம் பத்தவில்லை, வேறொன்றுமில்லை. நெளி அட்டையில் உட்கார்ந்து எழுந்து, உட்காரும் எலும்பு பதிந்து விழுந்த இரண்டு பள்ளத்துக்கும் நடுவே அளந்து பாருங்கள்.

மூத்தசவாரி:
வாரம் ஒருவர் இதே கேள்வி. மூக்கு நுனி கிராங்க் அச்சுக்கு 5 செ.மீ. பின்னால் இருக்க வேண்டும் என்று போட்டி விதியே இருந்தது, அதுகூடத் தெரியாமல் மரத்தளத்தில் ஏறிவிடுகிறார்கள்.

செயின்ரிங்:
ஸ்பிரிண்ட், கெய்ரினுக்கு (மோட்டார் வண்டியின் பின்னால் தொடங்கும் ஸ்பிரிண்ட் பந்தயம்) அப்போதும் அந்த 5 செ.மீ. கிடையாது ஐயா. மூக்கு அச்சைத் தாண்டி முன்னால் போகக் கூடாது, அவ்வளவுதான். அவர் போட்டிக்குப் போகிறார் என்று யார் சொன்னது?

மூத்தசவாரி:
பழக்கம் முதலிலிருந்தே சரியாக இருக்கட்டும் என்றேன். விதி என்றாலே சிலருக்குக் கசப்பு.

அட்டைப்பெட்டி:
அகலத்தை யாரும் கேட்கவே மாட்டேன் என்கிறீர்களே.

நீலாய்_புதுசு:
போட்டி இல்லை, வார இறுதிப் பயிற்சிதான். கிராங்க் 165 மி.மீ., ரோட்டில் 172.5. உயரம் தரையிலிருந்து அளந்தேன்.

செயின்ரிங்:
தரையிலிருந்தா! ட்ராக் ஃபிரேமில் வளைவில் பெடல் தட்டாமல் இருக்க அச்சையே உயர்த்தி வைத்திருப்பார்கள், அந்தக் கணக்கு இங்கே செல்லாது. அச்சு நடுவிலிருந்து சேடில் மேல்வரை அளந்து, கிராங்க் சின்னது என்பதால் கொஞ்சம் கூட்டுங்கள். அப்புறம் மூக்கு நுனியிலிருந்து நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு, நூலுக்கும் அச்சுக்கும் எவ்வளவு தள்ளி என்று பாருங்கள். ட்ராக் ஹேண்டில்பாரில் ட்ராப் (கீழே வளைந்த பிடி) ஆழம், கையும் நீளும். சேடில் ரொம்பப் பின்னால் இருந்தால் உடம்பு தானாக முன்னால் நழுவும். ரோட்டில் பெடலை நிறுத்தி ஒரு நொடி எழுந்துகொள்ளலாம், ஃபிக்ஸில் (சக்கரத்தோடு பெடலும் சேர்ந்தே சுற்றும் ட்ராக் பைக்கில்) கால் நிற்காது, வளைவில் உடம்பு வேறு சேடிலில் அழுந்தும், மரக்காமல் என்ன செய்யும்? 1 செ.மீ. முன்னால் தள்ளுங்கள், தள்ளினால் காலுக்குத் தூரம் குறையும், அதனால் சுமார் 3 மி.மீ. ஏற்றுங்கள். சேடிலுக்கு அடியில் உள்ள ரெயிலில் (கம்பியில்) போட்டிருக்கும் கோட்டைத் தாண்ட வேண்டாம். பிறகு மூக்கை 2 டிகிரி இறக்கிப் பாருங்கள், அதிகம் இறக்கினால் பாரம் கைக்குப் போய்விடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள். இதெல்லாம் பார்த்த பிறகு புது சேடில் வாங்கலாம்.

அட்டைப்பெட்டி:
அகலமும் பார்க்கட்டுமே.

பெடல்பாவை:
ட்ராப்பில் குனிந்தால் இடுப்பு முன்னால் உருளும், அட்டையில் பதிந்த எலும்பு சேடிலைத் தொடுவதே குறைவு. குட்டை மூக்கு, நடுவில் பள்ளம் இருப்பதை யாரிடமாவது இரவல் வாங்கி ஓட்டிப் பாருங்கள். எனக்கு அதுதான் ஒத்துவந்தது.

மூத்தசவாரி:
24 செ.மீ. நீளத்துக்குக் குறைந்த சேடில் போட்டியில் செல்லாது.

பெடல்பாவை:
மறுபடியும் போட்டியா?

நீலாய்_புதுசு:
முன்னால் தள்ளி ஏற்றினேன். வழுக்குவது நின்றுவிட்டது. மரப்பு குறைந்திருக்கிறது, முழுசாகப் போகவில்லை. நன்றி.

செயின்ரிங்:
மூக்கை இறக்கினீர்களா இல்லையா?