ஆலைகளில் சென்சார் மாட்டிய அனுபவங்கள்: நீங்களும் சொல்லுங்கள்

பெங்களூரு பீன்யாவில் கேஸ் சென்சார் செய்து ஆலைகளுக்குக் கொடுக்கும் சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஒசூர் ரோட்டில் ரப்பர் பாகங்கள் செய்யும் ஓர் ஆலையின் பாதுகாப்பு அதிகாரி, திருநெல்வேலிக்காரர், போன் செய்தார். "தம்பி, உங்க டிடெக்டர் அருமை. மாட்டினதுல இருந்து ஒரு தடவைகூட அலறலை." எனக்கு வயிற்றைக் கலக்கியது.

அங்கே மாட்டியது கேட்டலிட்டிக் வகை. மின்சாரத்தில் சூடாகும் மெல்லிய பிளாட்டினம் கம்பிச் சுருள், அதன்மேல் வினையூக்கி பூசிய கடுகளவு மணி. கசிந்த வாயு அந்தச் சூட்டில் எரியும்போது கம்பியின் மின்தடை கூடும், அதுதான் சிக்னல். சிலிக்கோன் ஆவி பட்டால் மணிமேல் சிலிக்கா படிந்து, எரிவதே நின்றுபோகும். திரை அப்போதும் பூஜ்யம்தான் காட்டும். கசிவே இல்லாத நாளிலும் அதே பூஜ்யம்தான்.

போய்ப் பார்த்தால், டிடெக்டருக்கு நேர் கீழே, அச்சில் ரப்பர் ஒட்டாமலிருக்க சிலிக்கோன் ஸ்பிரே அடித்துக்கொண்டிருந்தார்கள். கொண்டுபோன சிலிண்டரிலிருந்து 2.5 சதவீத மீத்தேனைக் காட்டினேன். மீத்தேன் தீப்பிடிக்க 5 சதவீதம் போதும். அதில் பாதி இது. அந்த 5 சதவீதத்தைத்தான் திரை 100 என்று காட்டும். அப்படியானால் 50 வர வேண்டும், 4 வந்தது. அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டது. "அப்போ இத்தனை நாளா?" என்றார்.

அகச்சிவப்பு ஒளியால் வாயுவைக் கண்டுபிடிக்கும் வகைக்கு மாற்றினோம். விலை அதிகம்தான், ஆனால் அதில் வினையூக்கியே கிடையாது. விலைப்பட்டியலை மட்டும் அனுப்பி சென்சார் விற்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். பக்கத்தில் என்ன ஸ்பிரே, என்ன சீலண்ட் என்று கேட்காமல் நான் ஆர்டர் எடுப்பதில்லை.

*

பீன்யா நண்பர் சொல்வது ரொம்பச் சரி. நாங்கள் பொம்மசந்திராவில் லோட் செல், அதாவது எடையை அளக்கும் சென்சார், செய்கிறோம். ஓர் ஆலையில், தூண்மேல் எங்கள் லோட் செல் வைத்து நிறுத்திய ஹாப்பரின் (மூலப்பொருள் கொட்டும் தொட்டி) எடை திடீரென்று தாறுமாறாகக் காட்டுகிறது என்று கூப்பிட்டார்கள். போனால், ஹாப்பரின் பக்கவாட்டில் புது வெல்டிங். "மெயின் ஆஃப் பண்ணிட்டுத்தாண்ணே அடிச்சோம்" என்றார் வெல்டர். சரி, வெல்டிங் கரண்ட் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பை எங்கே மாட்டினீர்கள் என்று கேட்டேன். கீழே தூணைக் காட்டினார்.

வெல்டிங் கரண்ட் லோட் செல் வழியாகத்தான் தூணுக்கு இறங்கியிருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் ஸ்ட்ரெய்ன் கேஜுக்கு (எடையில் இழுபட்டால் மின்தடை மாறும் மெல்லிய தகடு) 10 வோல்ட் கொடுத்தால், முழு எடைக்கே 20 மில்லிவோல்ட் அளவில்தான் சிக்னல் வரும். அவ்வளவு நுணுக்கமான சாமான் நூறு ஆம்பியரை எங்கே தாங்கும்? அந்தத் தம்பிமேல் தப்பில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. செல்லை மாற்றி, கரண்ட் செல்லைச் சுற்றிப் போகும்படி ஹாப்பருக்கும் தூணுக்கும் நடுவே தடித்த செம்புப் பட்டை போட்டோம். கிளாம்பை வெல்டிங் பக்கத்திலேயே மாட்டும்படி அவரிடமே காட்டிக்கொடுத்தேன்.