பாரிஸ் - லண்டன் - ரோம், ஒரே வீட்டுல ரெண்டு நாட்டு பாஸ்போர்ட்... எதுலேர்ந்து ஆரம்பிக்கிறது?

ஜன்னலோரம்:

மக்களே ஒரு உதவி. அடுத்த வருஷம் பையன் லீவுல பதினஞ்சு நாள் போயிட்டு வரலாம்னு பிளான். பாரிஸ்ல இறங்கி 4 ராத்திரி, அங்கருந்து ரயில்ல லண்டன் 5 ராத்திரி, அப்புறம் ஃப்ளைட்ல ரோம் 6 ராத்திரி, அப்படியே ரிட்டர்ன். நான், வீட்டுக்காரர், பையன் (9 வயசு), மாமியார் (71).

வீட்டுக்காரர் பாஸ்போர்ட் மட்டும் வேற நாடு (ஐரோப்பிய யூனியன் இல்ல), அவருக்கு ரெண்டு பக்கமும் விசா தேவையில்ல. எங்க மூணு பேருக்கும் ரெண்டுமே வேணும். நாங்க கடைசியா வெளிய போனது ஏழெட்டு வருஷம் முன்னாடி, அப்பல்லாம் சீல் குத்துவாங்க உள்ள போவோம் அவ்ளோதான். இப்ப ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் கைரேகைங்கிறார், இன்னொருத்தர் விசா வேணாம்னாலும் ஆன்லைன்ல அனுமதி வாங்கணுங்கிறார், என் நாத்தனார் "அதெல்லாம் ஒண்ணும் வேணாம், நாங்க போகலையா"ங்கிறாங்க (அவங்க போனது 2018ல).

இப்ப அவசரம் என்னன்னா லண்டன் - ரோம் டிக்கெட் ஆஃபர்ல கிடக்கு, நாளைக்கு ராத்திரியோட முடியுதாம், ரீஃபண்ட் கிடையாது. போட்டுறட்டுமா?

பெட்டிகட்டி:

போடாதீங்க. மொதல்ல அந்த ரூட்டையே கொஞ்சம் பாருங்க.

ஷெங்கன்னா ஒரே விசால சுத்தி வரக்கூடிய ஐரோப்பிய நாடுங்க கூட்டம். பாரிஸ் ஷெங்கன், லண்டன் ஷெங்கன் இல்ல, ரோம் திரும்ப ஷெங்கன். அதாவது நீங்க ஒரே ட்ரிப்ல ஷெங்கனுக்குள்ள ரெண்டு தடவ நுழையுறீங்க. சிங்கிள் என்ட்ரி விசா குடுத்துட்டாங்கன்னா பாரிஸ விட்டு லண்டன் ரயில் ஏறின நிமிஷமே அந்த விசா முடிஞ்சது, ரோமுக்கு ஏற விடமாட்டாங்க. மல்டிபிள் என்ட்ரி கேட்டு வாங்கலாம், கேட்டா குடுப்பாங்கன்னு நிச்சயம் கிடையாது. அதுக்குப் பதிலா லண்டன தூக்கி முன்னாடி வச்சிருங்க. லண்டன்ல இறங்கி, அங்கருந்து ரயில்ல பாரிஸ், பாரிஸ்லேர்ந்து ரோம், ரோம்லேர்ந்து வீடு. ஒரே நுழைவு. அதே ஊருங்க, அதே நாளுங்க, தலைவலி பாதி போச்சு.

ரெண்டாவது, பாரிஸ் மொதல்ல வருதேன்னு பிரான்ஸ்கிட்ட விசா கேக்கக்கூடாது. எங்க அதிக நாள் தங்குறீங்களோ அந்த நாட்டுகிட்டதான் கேக்கணும், உங்களுக்கு ரோம் 6 ராத்திரி, அப்ப இத்தாலி. ரெண்டும் சமமா இருந்தாதான் மொதல்ல நுழையுற நாடு.

மூணாவதுதான் எல்லாரும் மாட்டிக்கிற இடம். ஷெங்கன் விசாவுக்கு பயணத்துக்கு 6 மாசம் முன்னாடிலேர்ந்து போடலாம், கடைசி கெடு 15 நாள் முன்னாடி. பிரிட்டன் விசிட்டர் விசா 3 மாசத்துக்கு முன்னாடி போடவே முடியாது. ஆனா ரெண்டு நாட்டு ஆபீஸும் பாஸ்போர்ட்ட வாங்கி வச்சுக்கலாம், உங்ககிட்ட இருக்கிறதோ ஒரு பாஸ்போர்ட். ஷெங்கன் சாதாரணமா 15 நாள், இழுத்தா 45 நாள் வரைக்கும் போகும், பிரிட்டன் மூணு வாரம்னு கணக்கு. அதனால பயணத்துக்கு அஞ்சு மாசம் முன்னாடியே இத்தாலிக்குப் போட்டு பாஸ்போர்ட்ட கைல வாங்கிட்டு, பயணத்துக்கு மூணு மாசம் இருக்கறப்ப பிரிட்டனுக்குப் போடுங்க. தலைகீழா பண்ணி, பாஸ்போர்ட் ஒரு ஆபீஸ்ல, அப்பாயின்ட்மென்ட் இன்னொரு ஆபீஸ்லன்னு முழிச்ச ஆள் நான்.

இன்ஷூரன்ஸ் குறைஞ்சது 30,000 யூரோ கவரேஜ், ஷெங்கன்ல இருக்கிற எல்லா நாளுக்கும். பாஸ்போர்ட்ல ரெண்டு பக்கம் காலியா இருக்கணும். ஹோட்டல் எல்லாம் கேன்சல் பண்றா மாதிரி போடுங்க. விசா கைல வர்றதுக்கு முன்னாடி ரீஃபண்ட் இல்லாத எதுக்கும் காசு கட்டாதீங்க.

ஜன்னலோரம்:

அய்யோ இந்த ரெண்டு தடவ நுழையுற விஷயம் சுத்தமா தோணவே இல்ல!! ரொம்ப நன்றிங்க. வீட்டுக்காரருக்கு விசாவே வேணாம்னா அவர் சும்மா வந்தா போதும்ல?

கேட்_நம்பர்_பதினேழு:

சும்மா வர்ற காலம் மலையேறிப் போச்சு மேடம் 🙂

லண்டனுக்கு அவருக்கு ஈடிஏ வேணும், அதாவது ஆன்லைன்ல வாங்குற பயண அனுமதி. விசா வேணாம்ங்கிற நாட்டுக்காரங்களுக்கும் இப்ப இது கட்டாயம், இல்லன்னா ஃப்ளைட்லயே ஏத்தமாட்டான். ஆப்லயே போடலாம், ரெண்டு வருஷம் செல்லும். ஆனா அது அந்த பாஸ்போர்ட் நம்பரோட கட்டினது, நடுவுல பாஸ்போர்ட் மாத்தினா ஈடிஏவும் போச்சு, திரும்ப காசு கட்டி எடுக்கணும். அமெரிக்காவோட எஸ்டாவும் (விசா வேண்டாதவங்க அங்க போக வாங்குற ஆன்லைன் அனுமதி) இதே கதைதான். அதனால ரினியூ பண்ற யோசனை இருந்தா மொதல்ல அத முடிச்சுட்டு அப்புறம் இதுல கை வைங்க.

அடுத்து ஐரோப்பா. இஇஎஸ்னு ஒண்ணு 2025 அக்டோபர் 12ல ஆரம்பிச்சாங்க, படிப்படியா கொண்டுவந்து 2026 ஏப்ரல் 10லேர்ந்து முழுசாங்கிறது திட்டம். சீல் குத்துறதுக்குப் பதிலா கம்ப்யூட்டர்ல பதிவு. மொத தடவ போறப்ப முகத்த போட்டோ எடுப்பாங்க, நாலு விரல் ரேகை எடுப்பாங்க, இதுக்கு தனியா ஃபீஸ் கிடையாது, முன்கூட்டி எதுவும் அப்ளை பண்ணவும் வேணாம், பார்டர்லயே நடக்கும். உங்களுக்கும் மாமியாருக்கும் விசா எடுக்கிறப்பவே ரேகை விஷயம் முடிஞ்சிருக்கும், பார்டர்ல போட்டோ மட்டும்தான். 12 வயசுக்குக் கீழ இருக்கிற பசங்களுக்கு ஷெங்கன்ல ரேகையே எடுக்கமாட்டாங்க. ஆனா பிரிட்டன் விசாவுக்கு 9 வயசுப் பையனும் ரேகை குடுக்கணும், அவனையும் கூட்டிட்டுப் போங்க.

லண்டன் - பாரிஸ் ரயில்ல இன்னொண்ணு. பிரெஞ்சுக்காரங்க செக்கிங் பாரிஸ்ல இறங்கினப்புறம் இல்ல, லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் ஸ்டேஷன்லயே நடக்கும். ரயில்தானேன்னு கடைசி நிமிஷத்துல ஓடினா கேட் மூடிருவாங்க, ஏர்போர்ட் மாதிரி நினைச்சு நேரத்தோட போங்க.

ஈடிஐஏஎஸ்னு இன்னொரு பேர் காதுல விழுந்திருக்கும், அது விசா வேண்டாதவங்க ஐரோப்பாவுக்கு எடுக்கவேண்டிய அனுமதி. 2026 கடைசி மூணு மாசத்துல ஆரம்பிக்கிறதா அறிவிச்சிருக்காங்க, 20 யூரோ, மூணு வருஷம் செல்லும். இந்தத் தேதி பல தடவ தள்ளிப்போன ஒண்ணு, அதனால வீட்டுக்காரருக்கு வேணுமா வேணாமாங்கிறத கிளம்புறதுக்கு ரெண்டு மூணு மாசம் முன்னாடி ஐரோப்பிய யூனியன் சைட்லயே பாருங்க. இப்பவே எடுத்துத் தர்றேன்னு எவனாவது காசு கேட்டா அவன் ஃபிராடு.

சன்னமான_சந்தேகம்:

இவ்ளோ எதுக்கு... ஒரு ஏஜென்ட்கிட்ட குடுத்துட்டு நிம்மதியா இருக்கலாமே

பெட்டிகட்டி:

குடுக்கலாம் தப்பில்ல. ஆனா ஃபாரத்துல கையெழுத்து உங்களுது, ரிஜெக்ட் ஆனா அது உங்க ரெக்கார்டுல ஏறும், ஏஜென்ட் ரெக்கார்டுல இல்ல. அவர் என்ன நிரப்பியிருக்கார்னு வரி வரியா படிச்சுட்டு கையெழுத்துப் போடுங்க, அது போதும்.

கனெக்டிங்_கண்ணாயிரம்:

நான் ஒரு தடவ வாங்கின அடிய சொல்லிடறேன், யாருக்காவது உதவட்டும். போற ஊருக்கு விசா பக்காவா இருந்துச்சு. டிக்கெட் மட்டும் ரெண்டா போட்டேன், வேற வேற ஏர்லைன், தனித்தனி புக்கிங், தனியா போட்டா சல்லிசா வந்துச்சு. செக்-இன் கவுன்டர்ல அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டேதான் பாஸ்போர்ட்ட வாங்குச்சு, ஏதோ தட்டுச்சு, நிறுத்துச்சு, திரும்ப தட்டுச்சு, பக்கத்து கவுன்டர் ஆள கூப்பிட்டுச்சு. ரெண்டு பேரும் ஸ்கிரீன பாக்குறாங்க, என்னை பாக்குறாங்க. அப்புறம் பெல்ட்ல போயிட்டிருந்த என் பெட்டிய கையால புடிச்சு திருப்பி இழுத்தாங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சு கதை முடிஞ்சுதுன்னு.

விஷயம் என்னன்னா ஒரே டிக்கெட்டா இருந்தா பெட்டி நேரா கடைசி ஊருக்குப் போகும், நாம ட்ரான்ஸிட்லயே உக்காந்திருக்கலாம். தனித்தனி டிக்கெட்னா நடு ஊர்ல இமிக்ரேஷன் தாண்டி வெளிய வந்து பெட்டிய எடுத்து மறுபடி செக்-இன் போடணும். வெளிய வர அந்த நாட்டு விசா வேணும். என்கிட்ட இல்ல. ஏர்லைன்காரன்கிட்ட சண்டை போட்டும் பிரயோஜனம் இல்ல, பேப்பர் சரியில்லாத ஆள ஏத்திட்டுப் போனா அபராதமும் திருப்பிக் கொண்டுவர்ற செலவும் அவன் தலைல, அதனால ஏத்தவே மாட்டான். அவங்க தட்டிப் பாக்குறது டைமாடிக்னு ஒண்ணு, எந்த பாஸ்போர்ட்டுக்கு எந்த ஊர்ல என்ன வேணும்னு எல்லாம் அதுல இருக்கும். சில ஏர்லைன் சைட்ல நாமளே அதப் பாக்கலாம், என்ன பாஸ்போர்ட், எங்க போறோம், எது வழியா போறோம்னு போட்டா சொல்லிடும்.

இதுல கொடுமை அமெரிக்கா. அங்க விமானம் மாறி வேற நாட்டுக்குப் போறதுன்னாலும் இமிக்ரேஷன் தாண்டித்தான் ஆகணும், விசாவோ எஸ்டாவோ இல்லாம முடியாது.

உங்க கேஸ்ல நாலு பேருக்கும் தனித்தனியா பாருங்க மேடம், வீட்டுக்காரருக்கு சரியா வர்ற ட்ரான்ஸிட் உங்களுக்கு சரியா வராம போகலாம்.

ஜன்னலோரம்:

படிக்கவே வயித்த கலக்குது 😟 ஒரே டிக்கெட்டா போட்டுடறோம். இன்னொண்ணு, பையன் பாஸ்போர்ட் திரும்பி வர்ற தேதிலேர்ந்து நாலு மாசம் தாங்கும். போதுமா? எல்லாரும் ஆறு மாசம் ஆறு மாசம்ங்கிறாங்க. மாமியாருக்கு பிரஷர், சுகர், தூக்கத்துக்கு ஒரு மாத்திரைன்னு ஒரு பை நிறைய இருக்கு, அத எப்படி எடுத்துட்டுப் போறது?

கேட்_நம்பர்_பதினேழு:

ஷெங்கன் ரூல் என்னன்னா ஷெங்கன விட்டு வெளிய கிளம்புற தேதிக்கு அப்புறம் 3 மாசம் செல்லணும், கூடவே பாஸ்போர்ட் வழங்கி 10 வருஷத்துக்குள்ள இருக்கணும். அந்தக் கணக்குல நாலு மாசம் போதும். ஆனா ஆறு மாசம் கேக்குற நாடுங்க நிறைய, ட்ரான்ஸிட்ல எதாவது மாறி ஃப்ளைட் ரீரூட் ஆச்சுன்னா எங்க கொண்டுபோய் விடுவான்னு தெரியாது. விசா போடறதுக்கு இன்னும் டைம் இருக்குல்ல, இப்பவே ரினியூ பண்ணிட்டு புது பாஸ்போர்ட்லயே விசா வாங்கிருங்க.

மாத்திரை_டப்பா:

மருந்து நான் சொல்றேன், எங்க வீட்டுலயும் இதே பைதான்.

எல்லாத்தையும் கைப்பைல வைங்க, செக்-இன் பெட்டி வராம போனா மாத்திரையும் வராது. கிழமை போட்ட டப்பால பிரிச்சுப் போடாம அந்தந்த அட்டையோட, அட்டைப்பெட்டியோட இருக்கணும். டாக்டர்கிட்ட இங்கிலீஷ்ல ஒரு லெட்டர், அதுல பிராண்ட் பேர் இல்லாம மருந்தோட மூலப்பேர் எழுதச் சொல்லுங்க, நம்ம பிராண்ட் பேர் வேற நாட்டுல யாருக்கும் தெரியாது. நாள் கணக்குக்கு மேல ஒரு வாரத்துக்கு சேத்து எடுங்க. இன்சுலின் இருந்தா கண்டிப்பா கைப்பைதான், கீழ கார்கோல உறைஞ்சுபோகலாம்.

அந்த தூக்க மாத்திரைய மட்டும் தனியா செக் பண்ணுங்க. தூக்கத்துக்கு, பயத்துக்கு, கடுமையான வலிக்கு குடுக்குற மருந்துங்க பல நாட்டுல கட்டுப்பாட்டுல இருக்கு. கோடீன், ட்ரமடால் மாதிரி மருந்த எல்லாம் முன்அனுமதி இல்லாம ஐக்கிய அரபு எமிரேட்ஸ் (துபாய், அபுதாபி) பக்கம் கொண்டுபோனா பெரிய வில்லங்கம். ஜப்பான்ல ஜலதோஷத்துக்குப் போடற சூடோஎஃபெட்ரின் கூட ஒரு அளவுக்கு மேல இருந்தா தடை. நீங்க அங்க போகல, ஆனா எது வழியா போறீங்கன்னு இன்னும் முடிவாகலையே.

அப்புறம் ஒரு சொந்தக் கதை. சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூணுக்கும் இப்ப ஆன்லைன் அரைவல் கார்டு இருக்கு, இறங்குறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள போடணும், மூணுமே இலவசம். நான் கூகிள்ல தேடி மொதல்ல வந்த லிங்க்க தட்டினேன். கொடி இருக்கு, முத்திரை இருக்கு, எல்லாம் அப்படியே இருக்கு. கடைசி பக்கத்துல கார்டு நம்பர் கேட்டப்பவாவது யோசிச்சிருக்கணும், யோசிக்கல, கட்டிட்டேன். அது அரசு சைட்டே இல்ல. காசு போனது கூட பரவால்ல, வீட்டுல எல்லார் பாஸ்போர்ட் விவரமும் எவன்கிட்டயோ போயிருச்சு. இப்பல்லாம் விளம்பரம்னு போட்டு வர்ற லிங்க்க தொடறதே இல்ல, தூதரக சைட்டுக்குப் போயி அங்கருந்துதான் தட்டறது. ஈடிஏ எடுக்கறப்ப வீட்டுக்காரர்கிட்டயும் சொல்லி வைங்க.

கனெக்டிங்_கண்ணாயிரம்:

பவர்பேங்க்கையும் சொல்லிடறேன். செக்-இன் பெட்டில கூடவே கூடாது, கைப்பைலதான். 100 வாட்-ஹவர் வரைக்கும் பொதுவா பிரச்சனை இல்ல, 20,000 எம்ஏஎச்னா 74தான் வரும். மேல அச்சடிச்ச எழுத்து அழிஞ்சிருந்தா சில இடத்துல புடுங்கி வச்சுக்கறாங்க. ஃப்ளைட்ல அத வச்சு சார்ஜ் போடவே கூடாதுன்னு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், எமிரேட்ஸ் ரெண்டும் 2025ல ரூல் போட்டாச்சு. கிளம்புற வாரம் ஏர்லைன் சைட்ல இத ஒரு தடவ பாருங்க, இந்த ரூலுங்கதான் சத்தமில்லாம மாறுது.

ஜன்னலோரம்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. லண்டன் மொதல்லன்னு முடிவு பண்ணியாச்சு, பையன் பாஸ்போர்ட் ரினியூவலுக்கு தேதி வாங்கியாச்சு, மாமியார் மாத்திரை அட்டை எல்லாத்தையும் மேசைல பரப்பி போட்டோ எடுத்து வச்சிருக்கேன், டாக்டர்கிட்ட அடுத்த வாரம். நாத்தனார் மட்டும் இன்னும் நம்பல.

அந்த டிக்கெட்ட போடல. ஆஃபர் நேத்து ராத்திரியோட முடிஞ்சிருக்கணும், காலைல சும்மா திறந்து பாத்தா அதே டிக்கெட் அதே ரேட்டு, "இன்னும் இரண்டே நாட்கள்"னு போட்டு வச்சிருக்கான்.