ரேலி கிரீன் ஆக்டேவியா ஆர்எஸ் 245, வீட்டுல இருந்து கடல் 400 மீட்டர். பெயிண்ட்ட எப்படிக் காப்பாத்துறது?

கீழக்கரை_பச்சை:

எல்லாருக்கும் சலாம், வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சுக்கிட்டு மட்டும்தான் இருந்தேன், முதல் தடவையா எழுதுறேன், நீளமா இருக்கும் பொறுத்துக்கங்க.

மூணு மாசத்துக்கு முன்னாடி கோயம்புத்தூர்ல இருந்து ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 245 ஒண்ணு செகண்ட்ஸ்ல எடுத்தேன். 2020ல இந்தியாவுக்குண்டு மொத்தமே 200 கார்தான் இறக்குனாங்க, 2 லிட்டர் டர்போ பெட்ரோல், 245 பிஎஸ், வெள்ளை, கருப்பு, சிவப்பு, ரேஸ் ப்ளூ அப்புறம் இந்த ரேலி கிரீன். எனக்கு வேணும்டு இருந்தது பச்சை மட்டும்தான். ஒன்பது வருசம் சபுர்ல (வெளிநாட்டுல) இருந்தப்ப ரூம்ல கட்டில் பக்கத்துல இந்தக் கலர் காரோட போட்டோவத்தான் ஒட்டி வச்சிருந்தேன். ஊர் திரும்பி தேட ஆரம்பிச்சப்ப வெள்ளை ஒண்ணு ரெண்டு லட்சம் கம்மியாவே வந்துச்சு, விட்டுட்டேன், பச்சைக்காக எட்டு மாசம் காத்துக் கிடந்து எடுத்தேன்.

வாப்பா முதல்ல பார்த்துட்டு "என்னடா கிளிப்பச்சையா இருக்கு"ண்டு கேட்டாக. இப்ப அஸர் தொழுதுட்டு வந்து திண்ணையில உக்காந்தாகண்டா யாராச்சும் பையன் கார் மேல சாய வந்தாலே எந்திரிச்சுப் போயிடுறாக.

பிரச்சனை என்னண்டா கடல். காலையில கண்ணாடியத் தொட்டா பிசுபிசுண்டு இருக்கு. வீட்டு போர் தண்ணி உப்பு, அதுல கழுவிக் காஞ்சா பச்சை மேல வெள்ளை வெள்ளையா வட்டம் விழுகுது. ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கடைத்தெருவுல ஒரு பைக் ஹேண்டில்பார் இடது முன் ஃபெண்டர்ல (சக்கரத்துக்கு மேல இருக்கிற தகடு) ஒரு சாண் நீளத்துக்குக் கோடு போட்டுருச்சு. பானெட் முன்னாடி கல் பட்ட புள்ளி ஏழெட்டு இருக்கு, அதுல ஒண்ணுல பழுப்பா தெரிய ஆரம்பிச்சிருச்சு, அதப் பார்த்த அன்னைக்கு ராத்திரி தூக்கமே வரல.

பக்கத்துல ஒரு பட்டறையில வண்டி முழுக்க காம்பவுண்ட் (தேய்ச்சுப் பளபளப்பாக்குற பசை) போட்டு ஃபெண்டர மட்டும் பெயிண்ட் அடிச்சா ஒண்ணுமே தெரியாதுண்டு சொல்றாங்க. மச்சான் ஒருத்தர் மொத்தமா கருப்பு ரேப் (வண்டி முழுக்க மூடுற கலர் ஸ்டிக்கர்) ஒட்டிரு, அடியில பெயிண்ட்டும் பத்திரமா இருக்கும், விக்கிறதும் ஈசிங்கிறார். மாமி வீடு மதுரையில இருக்கு, அங்க விட்டுட்டு வேணும்ங்கிறப்ப போயி ஓட்டுண்டு உம்மா சொல்றாக. விக்கிற எண்ணம் எனக்கு இல்ல. இந்தக் கலர் இதே மாதிரி இன்னும் பத்து வருசம் இருக்கணும், வண்டியும் என்கிட்ட இருக்கணும். என்ன செய்யலாம்?


மண்டபம்_வாடைக்காத்து:

தம்பி முதல்ல வாழ்த்துகள். நான் 2017 ஆர்எஸ் 230 ரேஸ் ப்ளூ ஆறு வருசமா மண்டபத்துல வச்சிருக்கேன், அதனால நீங்க சொல்ற பிசுபிசுப்பு எனக்கு நல்லாத் தெரியும்.

நம்ம பக்கத்து உப்பக் குறைச்சு எடை போடாதீங்க. 2025 ஏப்ரல்ல திறந்த பாம்பன் புது ரயில் பாலத்துக்கே துருப்பிடிக்காத ஸ்டீல் கம்பி, பாலிசிலாக்சேன் பூச்சுன்னு தனியா பார்த்துப் பார்த்துதான் போட்டிருக்காங்க. அந்தக் காத்துதான் நம்ம வீட்டு வாசலுக்கும் வருது. ஆனா ஒண்ணு, உப்பு நேரா நல்ல பெயிண்ட்ட ஒண்ணும் பண்ணாது, அதுக்கு ஒரு வழி வேணும், கல் பட்ட புள்ளி, கதவு ஓரம், அடியில மண்ணு தங்குற மூலை, இங்கதான் நுழையும், நுழைஞ்சா பெயிண்டுக்கு அடியிலேயே பரவிக்கிட்டுப் போகும், மேல கொப்புளம் வர்றப்பதான் நமக்குத் தெரியும். அதனால அந்தப் பழுப்புப் புள்ளி இருக்குல்ல, அது ஃபெண்டர் கோட்ட விட அவசரம். இந்த வாரமே பாருங்க.

கழுவுறதுக்கு நான் பண்றது இதுதான். போர் தண்ணிய வண்டிப் பக்கமே கொண்டு போறதில்ல. தண்ணியில கரைஞ்ச உப்ப அளக்குற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு சில நூறு ரூவாதான், வாங்கி உங்க போர்ல விட்டுப் பாருங்க, எண்ணப் பார்த்தா நீங்களே நிறுத்திருவீங்க. வயலுக்கு மருந்தடிக்கிற முதுகு ஸ்பிரேயர் 16 லிட்டர் புதுசா ஒண்ணு வாங்கி வச்சிருக்கேன் (மருந்து அடிச்சது வேண்டவே வேண்டாம்), ரெண்டு நாளைக்கு ஒருக்கா சாயங்காலம் வெயில் இறங்குனதும் அதுல நல்ல தண்ணி விட்டு மேல இருந்து கீழ வரைக்கும் பூவாளி மாதிரி அடிச்சு உப்ப மட்டும் இறக்கி விட்ருவேன், துணியே படாது. வாரத்துக்கு ஒரு நாள்தான் ஷாம்பு, ரெண்டு வாளி, மைக்ரோஃபைபர். காஞ்ச துணியால காலையில தூசி தட்டுற பழக்கம் இருந்தா இன்னைக்கே விடுங்க, அந்தத் தூசி பாதி கடற்கரை மணல், தேய்க்கத் தேய்க்க சிலந்தி வலை மாதிரி கோடு விழும்.

நல்ல தண்ணிக்கு எங்க போறதுன்னு கேப்பீங்க. வீட்டு ஏசியில இருந்து ராத்திரி சொட்டுற தண்ணியப் பிடிங்க. காத்துல இருக்கிற ஈரம் குளிர்ந்து வர்ற தண்ணி அது, உப்பே கிடையாது. நம்ம ஊர் புழுக்கத்துக்கு ஒரு ராத்திரியில வாளி நிறைஞ்சிரும். கடைசி அலசலுக்கு அத ஊத்துனா வட்டம் விழாது. ஐப்பசி கார்த்திகையில மழைத்தண்ணியும் டிரம்முல பிடிச்சு வச்சுக்கலாம்.

கவர் போடாதீங்க. கச்சான் (தென்மேற்குக் காத்து) அடிக்கிற மாசத்துல கவர் படபடன்னு ஆடும், உள்ள போன மணல் சாணக்கல் மாதிரி வேலை பாக்கும். கூரை போட்ட இடம், மூணு பக்கம் சுவரு, காத்து வர கொஞ்சம் வழி, அது போதும்.

அப்புறம் ஈசிஆர்ல மீன் வண்டிக்குப் பின்னாடி போகாதீங்க. ஐஸ் உருகி மீன் தண்ணியோட ரோட்டுல ஒழுகிக்கிட்டே போகும், அதுல உப்பு கலந்திருக்கும், உங்க வண்டி அடியில போயி உக்காந்துக்கும். நான் ஒண்ணு முந்திருவேன், இல்ல ஒதுங்கி நின்னு ஒரு டீ குடிச்சிட்டுப் போவேன்.


தொண்டி_ஈசிஆர்:

முழு பாடிக்கும் பிபிஎஃப் (பெயிண்ட்டக் காப்பாத்துற நிறமில்லாத ஃபிலிம்) ஒட்டிருங்க ப்ரோ, லட்சத்த தாண்டும்தான் ஆனா இந்தக் கலருக்கு செலவு பண்ணலாம், தப்பே இல்ல. கருப்பு ரேப் வேண்டாம், ஆர்சில இருக்கிற கலரும் வண்டி கலரும் ஒத்துப் போகணும், மாத்துனா ஆர்டிஓல சொல்லிப் பதியணும், அதுவும் போக எட்டு மாசம் காத்திருந்து வாங்குன பச்சைய மூடி வச்சுட்டு எதுக்கு அந்த கார்? 2025ல வந்த புது ஆர்எஸ் 265 பிஎஸ், 100 கார்தான், அதுலயும் ஒரு பச்சை இருந்துச்சு ஆனா அது மாம்பா கிரீன், வேற பச்சை. ரேலி கிரீன் அதுல வரல.

ஒரே ஒரு விசயம் மனசுல பட்டுச்சு சொல்லிடுறேன், குடிதண்ணிய குடம் கணக்குல காசு குடுத்து வாங்குற தெரு நம்ம பக்கம் நிறைய இருக்கு, காவிரித் தண்ணி வர்ற பைப்ப திறந்து விட்டு கார் கழுவாதீங்க யாரும். அண்ணன் சொன்ன ஏசி தண்ணி ஐடியா அந்த விதத்துல ரொம்ப நல்லது.


கன்_புடிக்கிறவன்_மதுரை:

22 வருசமா ஸ்பிரே கன் புடிக்கிற கை தம்பி இது. பெயிண்ட் அடிச்சுத்தான் நான் சோறு திங்கிறேன், அந்த நான் சொல்றேன், இப்ப பெயிண்ட் அடிக்காதீங்க.

ஏன்னு விவரமா சொல்றேன். கம்பெனியில தகடு மேல முதல்ல பாஸ்பேட், அப்புறம் வண்டியையே தொட்டியில முக்கி கரண்ட் வச்சு ஏத்துற ஈ-கோட், அதுக்கு மேல பிரைமர், பேஸ் கோட், கடைசியா நிறமில்லாத கிளியர். எல்லாம் சேர்த்து பொதுவா 100ல இருந்து 150 மைக்ரானுக்குள்ளதான் நிக்கும், நம்ம தலைமுடி ரெண்டு அளவு கூட இருக்காது. அந்த ஈ-கோட் மூலைமுடுக்கு எல்லாம் போயி சுட்டு எடுத்தது, எந்தப் பட்டறையிலயும் திருப்பி வைக்க முடியாது. கடலோர வண்டிக்கு உசிரே அதுலதான் இருக்கு.

ரேலி கிரீன் மெட்டாலிக். மெட்டாலிக்னா பேஸ் கோட்டுக்குள்ள அலுமினியத் துகள் படுத்துக் கிடக்கும், அது எப்படிப் படுக்குதோ அதப் பொறுத்துத்தான் நேராப் பார்த்தா ஒரு பச்சை, சாஞ்சு பார்த்தா ஒரு பச்சைன்னு காட்டும். கலர் நம்பர் வச்சு மிக்ஸிங் மெசின்ல கலக்குனாலும் (ஸ்டெப்னி கிடக்குற குழியில ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், கலர் நம்பர் அதுல இருக்கு, போட்டோ எடுத்து வச்சுக்கங்க) கன் ப்ரெஷர் கொஞ்சம் மாறுனா, கை தூரம் ஒரு நாலு விரக்கடை மாறுனா, துகள் வேற மாதிரி படுத்துரும். டியூப் லைட்ல ஒண்ணுமே தெரியாது, கீழக்கரை வெயில்ல நிறுத்துனா ஃபெண்டர் தனியா கதவு தனியா நிக்கும். அதனால நல்ல பெயிண்டர் ஃபெண்டர் மட்டும் அடிக்க மாட்டான், கதவு பாதி வரைக்கும் இழுத்து விடுவான், கிளியர் கதவு முழுக்க போடுவான். ஒரு சாண் கோட்டுக்காக ரெண்டு பேனல் கம்பெனி பெயிண்ட் போச்சு. வெள்ளை வண்டின்னா நான் இவ்வளவு யோசிக்கச் சொல்ல மாட்டேன்.

கோட்டுல நகத்த வச்சு குறுக்க இழுத்துப் பாருங்க. நகம் மாட்டலன்னா அது கிளியர்லயே நிக்குது, 2000 நம்பர் தண்ணி பேப்பர் லேசா போட்டு அந்த இடத்த மட்டும் பாலிஷ் பண்ணா போயிரும். மாட்டி, உள்ள சாம்பக் கலரோ வெள்ளையோ தெரிஞ்சா பிரைமர் வரைக்கும் போயிருக்கு, சின்ன பிரஷ்ல டச்சப் போட்டு மேல கிளியர் விட்டு சமப்படுத்தணும், கிட்ட வந்து பார்த்தா தெரியும், பரவாயில்ல. பழுப்புப் புள்ளிக்கு துருவ முனையால சுரண்டி எடுத்து, துருவ அடக்குற கன்வெர்ட்டர் ஒரு சொட்டு, எபாக்சி பிரைமர், அப்புறம்தான் டச்சப். ஒரு மணி நேர வேலை.

வண்டி முழுக்க காம்பவுண்ட்டுக்கு சம்மதிக்கவே சம்மதிக்காதீங்க. ஒரு தடவை மெசின் ஓட்டுனா ரெண்டு மூணு மைக்ரான் கிளியர் போகும். கிளியரே மொத்தம் நாப்பது அம்பதுதான். வெயில்ல இருந்து பச்சையக் காப்பாத்துறதே அந்த கிளியர்ல இருக்கிற மருந்துதான். பளபளப்புக்காக வருசா வருசம் காம்பவுண்ட் போட்டு பத்து வயசுல கூரை வெளுத்துப் போன வண்டி என்கிட்ட நிறைய வந்திருக்கு.

பிபிஎஃப் நல்லதுதான், ஆனா வரிசை மாறக்கூடாது. முதல்ல துரு, அப்புறம் டச்சப், அது நல்லா காஞ்ச பிறகு ஃபிலிம். துருவுக்கு மேல ஃபிலிம் ஒட்டுனா உள்ளயே வளரும். டிபியு ஃபிலிமா பார்த்து வாங்குங்க, பிவிசி சீக்கிரம் மஞ்சளாகும், பச்சை மேல மஞ்சள் ஏறுனா கலரே வேற ஆயிரும். காசு கம்மின்னா பானெட், முன் பம்பர், ஃபெண்டர், கண்ணாடி மூடி, கதவுக்குக் கீழ சில் இது போதும், கல் படுறது அங்கதான். செராமிக் கோட்டிங் ஓரிரு மைக்ரான், தண்ணி நிக்காம ஓடும், கழுவ லேசா இருக்கும், கல்லத் தடுக்காது.

ஒட்டுறதுக்கு முன்னாடி பெயிண்ட் மீட்டர் வச்சு ஒவ்வொரு பேனலும் அளந்து எழுதிக்கங்க. பம்பர் பிளாஸ்டிக், சாதா மீட்டர் அங்க வேலை செய்யாது. இரும்புப் பேனல்ல எங்கயாச்சும் 250க்கு மேல காட்டுனா அது திரும்ப அடிச்ச பெயிண்ட், அங்க ஃபிலிம் ஒட்டி நாளைக்கு உரிக்கிறப்ப பெயிண்ட்டும் சேர்ந்து வரலாம்.

அடிப்பாகத்துக்கு கழிவு ஆயில் அடிக்கச் சொல்லி யாராச்சும் சொல்வாங்க, ரப்பர் புஷ் எல்லாம் ஊறிப் போயிரும், வேண்டாம். கழுவிக் காய வச்சு உள்பக்கத்துக்கு மெழுகு மாதிரி கேவிட்டி வேக்ஸ் அடிங்க. கதவுக்கு அடியில தண்ணி வடியிற ஓட்டை இருக்கும், அடைச்சிருக்கான்னு பாருங்க.


கீழக்கரை_பச்சை:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணன் சொன்ன மாதிரி மதுரையில இருந்து ஒரு கூட்டாளி மீட்டர் கொண்டு வந்தான், நேத்து அளந்தோம். பானெட் 112, 118. கூரை 109. அந்தக் கோடு விழுந்த ஃபெண்டர் 121. வலது பக்கம் எல்லாம் நூறு நூத்தி இருபதுக்குள்ள. இடது பின் கதவுல வச்சா 340. நாலு இடத்துல வச்சோம், நாலுலயும் 320க்கு மேல.

வித்தவர் ஒரிஜினல் பெயிண்டுண்டு சொல்லித்தான் குடுத்தார். கொஞ்ச நேரம் பேச முடியல எனக்கு. அப்புறம் வெயில்ல நிறுத்தி சாஞ்சு பார்த்தா, மூணு மாசமா தினமும் பார்த்த கார்ல அந்தக் கதவு ஒரு நூல் அளவுக்கு மங்கலாத் தெரியுது. இனிமே கண்ண மூடுனாலும் தெரியும். வாப்பாகிட்ட சொன்னேன், "கதவத் திருப்பி அடிக்கச் சொல்லலாமா"ண்டு கேட்டாக. அண்ணே, அடிக்கலாமா?

நகம் ஃபெண்டர்ல ரெண்டு இடத்துல மட்டும் மாட்டுது. ஏசி தண்ணி பிடிக்க ஆரம்பிச்சாச்சு, காலையில முக்கால் வாளி இருந்துச்சு.


கன்_புடிக்கிறவன்_மதுரை:

மனசு விடாதீங்க தம்பி. 340னா பட்டி மலை மலையா போடல, ஆயிரம் தாண்டியிருந்தாதான் உள்ள டிங்கரிங் பெருசா நடந்திருக்குன்னு அர்த்தம். யாரோ ஒரு கோட்டுக்காகவோ சின்ன ஒடுக்குக்காகவோ அடிச்சிருக்காங்க. மூணு மாசம் உங்க கண்ணுக்கே தெரியலன்னா அடிச்சவன் நல்ல கைக்காரன், அந்தக் கைய குறை சொல்ல மாட்டேன். அது மேல இன்னொருக்கா அடிச்சா கனம் கூடும், வெயில்ல வெடிக்கும். அதுவும் பக்கத்துப் பேனல் வரைக்கும் இழுக்கணும், அது கம்பெனி பெயிண்ட். தொடாதீங்க. அந்தக் கதவுக்கு மட்டும் ஃபிலிம் வேண்டாம், செராமிக் போதும். கதவு அடி ஓரத்துல, மடிப்புல துரு வருதான்னு மட்டும் மாசத்துக்கு ஒருக்கா விரல வச்சுத் தடவிப் பாருங்க.


மண்டபம்_வாடைக்காத்து:

மதுரையில விடுறது பத்தி யாரும் சொல்லல, நான் சொல்றேன், விடாதீங்க தம்பி. நிக்கிற வண்டியில பிரேக் டிஸ்க் துருப்பிடிக்கும், பேட்டரி இறங்கும், டயர் ஒரு பக்கம் அமுங்கும், தூசி மேல தூசி ஏறும், பாக்க ஆள் இருக்காது. உங்க வாப்பா திண்ணையில இருந்து பாத்துக்கிற மாதிரி அங்க யாரு பாப்பா.

டச்சப் முடிஞ்சதும் ஒரு ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு பாம்பன் பாலம் தாண்டி வாங்க, நான் நீலத்த எடுத்துட்டு வர்றேன். தனுஷ்கோடி வரைக்கும் வேண்டாம், இப்ப கச்சான், ரோட்டுல மணல் பறக்கும். தங்கச்சிமடத்துல டீ குடிச்சிட்டுத் திரும்பிரலாம். வீட்டுக்குப் போனதும் அடிப்பக்கம் ஒரு வாளி ஏசி தண்ணி ஊத்த மறந்துராதீங்க.


கீழக்கரை_பச்சை:

வர்றேண்ணே. பின் சீட்டுல வாப்பாவும் வர்றாகளாம்.