80 குதிரைக்கு இடம் போதவில்லை: சாட்ஸ்வொர்த் லாயம் மாடல்

வணக்கம். இங்கிலாந்தில் டெர்பிஷயரில் இருக்கிற சாட்ஸ்வொர்த் மாளிகையின் குதிரை லாயத்தை அட்டையில் மாடல் செய்துகொண்டிருக்கிறேன், 1:100 அளவு. 1760 வாக்கில் நான்காம் டெவன்ஷயர் டியூக்குக்காக ஜேம்ஸ் பெய்ன் வடிவமைத்தது. நடுவில் முற்றம், நாலு பக்கமும் இரண்டு மாடி, வாசல் வளைவுக்கு மேலே மணிக்கூண்டு. லாயமா அரண்மனையா என்று சந்தேகம் வரும்!

வெளிப்பக்கம் முடிந்துவிட்டது, உள்ளேதான் மாட்டிக்கொண்டேன். பக்கத்துக்கு 190 அடி, 80 குதிரை நின்றதாகப் படித்தேன். வெளிச்சுவரிலிருந்து முற்றத்துச் சுவர் வரை கட்டடத்தின் அகலத்தை 30 அடி என்று நானாக வைத்து, மூலைகளைக் கழித்தால் பக்கத்துக்கு 130 அடி மிஞ்சுகிறது. ஒரு பக்கத்தை சாரட்டு வண்டிகளுக்கு விட்டு, வாசலுக்கு 20 அடி போக, ஒரு குதிரை நிற்கும் தடுப்புக்கு 6 அடி வீதம் 61 குதிரைதான் நிற்கிறது.

தடுப்பை 5 அடியாக்கிப் பார்த்தேன், 74 வந்தது, ஆனால் அதில் பெரிய குதிரை எப்படிப் படுக்கும்? அப்புறம் நடுவில் நடைபாதை விட்டு இரண்டு வரிசையாக வைத்தேன். முற்றத்துக் கதவைத் திறந்தால் நேரே குதிரையின் மூக்கில் இடிக்கிறது. சாட்டிலைட் படத்தில் கூரை மட்டும்தான் தெரிகிறது. நேரில் போனவர்களின் படங்களும் உதவவில்லை, இப்போது அங்கே உணவகமும் கடைகளும்தான். இன்னும் 12 நாளில் கல்லூரியில் கொடுக்க வேண்டும்.

அந்தக் காலத்து இங்கிலாந்து லாயங்களில் தடுப்புகள் வெளிச்சுவரை ஒட்டி ஒரே வரிசையா, இல்லை எதிரெதிராக இரண்டு வரிசையா?