கிராஸ் கேபிள் இல்லாமல் ஃபைல் நகராதாம்!

வெள்ளைக்காகம்:
ரெண்டு கம்ப்யூட்டரை நேரடியாக இணைத்து ஃபைல் அனுப்ப வழி கேட்ட பையனிடம், "கிராஸ் கேபிள் (ஒரு முனையில் அனுப்பும், பெறும் கம்பிகளை இடம் மாற்றிய நெட்வொர்க் கேபிள்) இல்லாமல் ஒன்றும் நகராது" என்று ஒருவர் அருள்வாக்கு சொல்லியிருக்கிறார். எந்தக் காலத்தில் இருக்கிறார்? இப்போதைய கிகாபிட் (வினாடிக்கு 1000 மெகாபிட்) நெட்வொர்க் போர்ட்டுகள் அந்தக் கம்பி ஜோடி மாற்றத்தைத் தாமாகவே பார்த்துக்கொள்ளும். சாதா கேபிளைச் செருகினால் 169.254-இல் தொடங்கும் நெட்வொர்க் முகவரி ரெண்டுக்கும் தானாக வரும். ஃபோல்டரை ஷேர் செய்தால் முடிந்தது.

பழைய_மோடம்:
அந்த "ஒருவர்" நான்தான். பெயர் சொல்லக் கூச்சமா? 1, 2-ஆம் கம்பிகளை 3, 6-ஓடு மாற்றிப் போட்டு, முனையில் பிளக்கை அழுத்திப் பொருத்தி, கையால் கிரிம்ப் செய்தவன் சொல்கிறேன், கிராஸ் கேபிள் வேண்டும்.

தூங்கா_சர்வர்:
முதலில், நேரடி என்றால் நடுவில் நெட்வொர்க் ஸ்விட்ச் (கம்ப்யூட்டர்களை இணைக்கும் பெட்டி) வரலாமா, கூடாதா?

பழைய_மோடம்:
அது இருக்கட்டும். எங்கள் அலுவலகத்தில் சாதா கேபிள் போட்டோம். போர்ட்டில் விளக்கு எரிந்தது, ஃபைல் போகவில்லை. கிராஸ் கேபிள் வேண்டும்.

வெள்ளைக்காகம்:
விளக்கு எரிந்ததா? அப்படியென்றால் கேபிள் சரிதானே ஐயா! விண்டோஸ் அந்த இணைப்பை 'பப்ளிக்' (நம்பமுடியாத பொது நெட்வொர்க்) என்று எடுத்துக்கொண்டு, வெளித்தொடர்பைத் தடுக்கும் ஃபயர்வாலில் மறித்திருக்கும். பழியைக் கேபிள் மேல் போடாதீர்கள்.

பென்டிரைவ்_பக்தன்:
இவ்வளவு அக்கப்போர் எதற்கு? பென்டிரைவில் போட்டுக் கொடுத்தால் ஆச்சு.

தூங்கா_சர்வர்:
பையனிடம் இருப்பது 40 ஜிபி கல்யாண வீடியோ. ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. கிகாபிட்டில் வினாடிக்கு 110 எம்பி வந்தால் ஆறு நிமிடச் சொச்சத்தில் முடியும்.

பென்டிரைவ்_பக்தன்:
நான் அந்த 4 ஜிபி வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட்டில்தான் ஃபார்மேட் செய்வேன். பாடம் எடுக்க வந்துவிட்டார்.

பழைய_மோடம்:
பழைய 100 எம்பிபிஎஸ் (வினாடிக்கு 100 மெகாபிட்) நெட்வொர்க் கார்டு என்றால் வினாடிக்கு 11 எம்பிதான், ஒரு மணி நேரம் ஆகும். அந்தக் கார்டுக்கு என்ன போடுவீர்கள்? கிராஸ் கேபிள்!

வெள்ளைக்காகம்:
பையன் வைத்திருப்பது புது லேப்டாப். யூபிஎஸ் பேட்டரி விவாதத்திலும் இப்படித்தான், கேட்டது ஒன்று, நீங்கள் சொன்னது ஒன்று.

பழைய_மோடம்:
யூபிஎஸ் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அந்த இழையைப் பூட்டச் சொல்லி மட்டுறுத்துநரிடம் ஓடியது யார்?

வெள்ளைக்காகம்:
நீங்கள் தனிமடலில் திட்டியதால் ஓடினேன்.

தூங்கா_சர்வர்:
ஃபயர்வாலைப் பார்த்தாயா தம்பி? 'பிரைவேட்' என்று மாற்றிவிட்டு...

பழைய_மோடம்:
தம்பி, அதெல்லாம் அப்புறம். நாளைக்கே கடைக்குப் போய் கிராஸ் கேபிள் கேள். இல்லை என்றால் கிரிம்பிங் கருவி வாங்கு, கம்பிகளின் கலர் வரிசை நான் சொல்கிறேன்.

வெள்ளைக்காகம்:
கலர் வரிசையாம்! யூபிஎஸ்ஸுக்கும் இவர்தான் வரிசை சொன்னார்.