புதுப்பிப்பு: ஹேவ்லாக் போய் வந்தாச்சு

அந்தமானில் போர்ட் பிளேரிலிருந்து ஹேவ்லாக் தீவுக்கு அரசுக் கப்பலா, தனியார் படகா என்று போன மாதம் கேட்டிருந்தேனே, நீங்கள் சொன்னபடி அரசுக் கப்பலில்தான் போனோம். சுமார் இரண்டரை மணி நேரம். தனியாரில் ஒன்றரை மணிதான், ஆனால் கண்ணாடிக்குள் அடைந்து கிடக்க வேண்டும். அரசுக் கப்பலில் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டே போகலாம். (மனைவி வாந்தி எடுத்தது தனிக் கதை.)

ஹேவ்லாக் படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை சுமார் 12 கி.மீ. ஆட்டோவுக்குக் கேட்ட தொகையில் தலை சுற்றியது. அப்புறம்தான் பேருந்து இருப்பதே தெரிந்தது! கட்டணம் சில்லறைக் காசுதான்.

ஒரே தப்பு, திரும்பி வர முன்பே டிக்கெட் எடுக்காதது. அரசுக் கப்பலில் இடமில்லை. சரி என்று தனியார் படகிலேயே ஏறினோம். மிச்சம் பிடித்ததெல்லாம் அதில் போச்சு.